தீட்டுப்பட்ட காலணா

அத்தியாயம் 14

இந்த வருஷம் மே மாதம் அந்தத் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரைத் தெரியாதவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. எந்தெந்த நாட்டுப் பத்திரிகைக்காரர்களோ காரில் வந்து இறங்கினார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள். அங்கிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், வெங்கடேசன் வீட்டு மருமகள் மதிவதனிக்கு நடக்கிற அநியாயத்தை எழுத மட்டும் ஒருத்தரும் வரவில்லை. அதனால் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போன வாரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆத்திரப்படாமல் சொல்லப் பார்க்கிறேன்.

வெங்கடேசன் ரிட்டயரான பஸ் கண்டக்டர். தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் காலமெல்லாம் விசில் ஊதியவர். செல்லாத பழைய காசை யாராவது டிக்கெட்டுக்கு நீட்டினால் இறக்கிவிட மாட்டார். தன் கைக்காசைப் பையில் போட்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பழைய காசை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். ஓட்டைக் காலணா, ஓரம் நெளிந்த ஓரணா, சதுர அரையணா என்று ஒரு பிஸ்கட் டின் நிறைய சேர்ந்துவிட்டது.

அவர் ரிட்டயரானபோது மாப்பிள்ளை பாபு பர்மா பஜாரில் தேடிப் பிடித்து ஒரு ஆல்பம் வாங்கி வந்தார். பக்கத்துக்குப் பக்கம் பளபளவென்று பிளாஸ்டிக் கவர். நல்ல காசாகப் பொறுக்கி அதில் போட்டு வைத்தார் வெங்கடேசன். மிச்சமெல்லாம் டின்னிலேயே கிடந்தது.

மழைக்காலம் வந்தது. ஆல்பத்தைத் திறந்து பார்த்தால் காசெல்லாம் பச்சை. வெண்கலப் பானையில் ஏறுகிற சாதாரணக் களிம்பு இல்லை, பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிற பச்சை.

மாமியார் சரோஜா உடனே விசாரணையை ஆரம்பித்துவிட்டாள். ஆயுத பூஜைக்குக் காசையெல்லாம் துடைத்து வைத்தது யார்? மதி. அன்றைக்கு அவளுக்கு எத்தனையாவது நாள்? பொய் சொல்லத் தெரியாத அந்தப் பெண், இரண்டாவது நாள் என்று சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான், தீட்டுப் பட்டு ஊறுகாய் கெடுகிற மாதிரி காசும் கெட்டுவிட்டது என்று தீர்ப்பாகிவிட்டது. தீட்டைக் கழிக்கிறேன் என்று சரோஜா ஒரு ஓட்டைக் காலணாவைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அதிலிருந்த கிரீடமே மழுங்கிப் போகும்படி செய்தாள். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இனிமேல் மாதாமாதம் அந்த மூன்று நாளும் மதி கொல்லைப்புறத்து மாட்டுக் கொட்டாயில்தான் இருக்க வேண்டும். இதுதான் தண்டனை. "எங்க வூட்ல அதெல்லாம் கெடையாது" என்று கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் அப்பாவிடம் வாக்குக் கொடுத்த ரகு, இதைக் கேட்டுவிட்டு "பாக்கலாம்மா" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு நைட் ஷிப்டுக்குப் போய்விட்டான். கட்டின புருஷனுக்கே வாயில் கொழுக்கட்டை என்றால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

மதி வேலை பார்க்கிற சுவிட்ச் கம்பெனிக்கு அன்றைக்கு லீவு. ரகு நைட் ஷிப்டு முடிந்தும் ஓ.டி. என்று தங்கிவிட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை பாபு வருகிறார். மெட்ராஸில் பழைய நாணயக் கண்காட்சி நடக்கப் போகிறதாம். மாமனாரின் ஆல்பத்தை அங்கே வைக்க யாரிடமோ பேசி ஏற்பாடு செய்திருக்கிறாராம். மகள் காவேரி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாலாஜாபாத்திலேயே நின்றுவிட்டாள்.

மதி குளித்துவிட்டு வந்தபோது சரோஜா அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். தலைக்குக் குளித்திருக்கிறாயே, என்ன விஷயம் என்று கேட்டாள். மதி உள்ளதைச் சொல்லிவிட்டாள். இந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு நாள் பொய் சொல்ல வந்தால்தான் என்ன என்று எனக்கே எரிச்சலாக வருகிறது.

"மாப்ள வர்ற நாளும் அதுவுமா இன்னா சோதனை பாரு" என்றாள் சரோஜா. "கொட்டாயைப் பெருக்கிட்டு அங்கியே இரு. தட்டும் சொம்பும் தனியா தரேன். மூணு நாளைக்கு வூட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது."

"அத்தை, மாசா மாசம் இந்த மூணு நாளும் கம்பெனில லைன்ல குந்திகினு சுவிட்சு மாட்டறேன். அதுக்குன்னு ஊர்ல லைட்டு எரியாமலா கீது?"

கம்பெனிக்குச் சாமி கிடையாது, வீட்டுக்கு உண்டு என்றாள் சரோஜா. அந்தக் கம்பெனியில் வாசலில் நுழைந்ததுமே பிள்ளையார் படம் மாட்டியிருக்கிறது, தினமும் பூ வைப்பது மதிதான். அதைச் சொன்னால் நாளைக்கே வேலையை விடு என்பார்கள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மதி கொல்லைக்குப் போனாள்.

மாட்டை விற்று வருஷக்கணக்காகிவிட்டது. கொட்டாயில் இப்போது விறகும் எருமுட்டையும்தான். ஒரு மூலையில் ஓலை பிய்ந்து வானம் தெரிந்தது. உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாமனார் வெங்கடேசன் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

மடியில் ஆல்பம், பக்கத்தில் ஒரு கிண்ணம் மண்ணெண்ணெய், கொஞ்சம் பஞ்சு. கவரிலிருந்து ஒரு காசை எடுப்பார், பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி அந்தப் பிசுக்கை எடுப்பார். அழுத்தித் தேய்க்கவே இல்லை. பிறகு பழைய துண்டில் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் காகிதத்தில் மடித்து டின்னுக்குள் போடுவார். மருமகளைப் பார்த்ததும் ஆல்பத்தைத் துண்டால் மூடப் பார்த்தார்.

மதி துண்டை விலக்கிவிட்டு ஆல்பத்தைக் கையில் வாங்கினாள். காசே இல்லாத காலிக் கவர்கூடப் பிசுபிசுவென்றிருந்தது. புது ரெயின்கோட்டைப் பிரித்ததும் வருமே, அந்த வாடை. காசு இருந்த இடத்திலெல்லாம் வட்டம் வட்டமாகப் பச்சை. டின்னைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஆரம்பத்திலிருந்தே டின்னில் கிடந்த காசெல்லாம் வறண்டுபோய்ப் பழுப்பாக, எப்போதும் போலத்தான் இருந்தது.

"இந்த டின்னுல கீறதையும் நான்தானே மாமா தொடச்சேன்" என்றாள். "அதே நாளு, அதே துணி. இதுல ஒண்ணுகூட பூக்கலியே."

வெங்கடேசன் தலையைக் குனிந்துகொண்டார். கவரிலிருந்து ஏதோ எண்ணெய் மாதிரி கசிகிறது, மழைக்கு அது ஜாஸ்தியாகிறது, அதுதான் காசைத் தின்கிறது என்றார். இது தெரிந்து நாலு நாளாகிறதாம்.

நாலு நாள். அந்த நாலு நாளும் இந்தப் பெண் வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில்கூட, உன் கை பட்டுக் காசு பூத்துப்போச்சாமே என்று கேட்டுவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அத்தையிடம் ஏன் சொல்லவில்லை என்று மதி கேட்டாள். அதற்கு அந்த மனிதர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

"மாப்ள ஆசையா வாங்கிக் குடுத்ததும்மா. குறை சொன்னா மனசு கஷ்டப்படுவாரு. அப்புறம் அந்த வூட்ல காவேரிதான் பேச்சு கேக்கணும். மூணு நாள்தானே, பொறுத்துக்க. மாப்ள போனப்புறம் பாத்துக்கலாம்."

மூன்று நாள்தானே என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? அந்த ஓட்டைக் கூரைக்குக் கீழே படுக்கிறவளுக்கு இருக்கிறது, வேறு யாருக்கும் இல்லை. அதுவும் மூன்று நாளோடு முடிகிற சங்கதியா? மாதாமாதம், வருஷா வருஷம், அவள் உடம்பு ஓய்கிற வரைக்கும். மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது, மகள் பேச்சு கேட்கக் கூடாது, மருமகள் மட்டும் எருமுட்டையோடு படுத்துக்கொள்ளலாம். இளைத்தவள் தலையில் மிளகாய் அரைப்பது என்றால் எல்லோருக்கும் கை நீளும்.

"காசு கெடுதுன்னு கவர்லேர்ந்து வெளிய எடுக்கறீங்க" என்றாள் மதி. "என்னை மட்டும் இதுக்குள்ள போடறீங்க. இல்ல மாமா?"

வெங்கடேசன் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். மதி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். ஒரு துரும்பைக்கூடப் பெருக்கவில்லை.

பாபு கை நிறைய ஆப்பிளும் அரைக் கிலோ மிக்சருமாக வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்கு வெயிட் இருக்கிறது என்பதை மட்டும் அவர் ஒருநாளும் மறந்ததில்லை. கூடத்தில் வாழை இலை போட்டு, வடை வைத்து, சாம்பார் ஊற்றி, சரோஜா ஓடி ஓடிப் பரிமாறினாள். வெங்கடேசன் பக்கத்து இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

தங்கச்சி எங்கே என்று பாபு கேட்டார். உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறாள் என்றாள் சரோஜா. அப்புறம் பாபு ஆல்பத்தைக் கேட்டார். கண்காட்சிக்காரர்கள் பார்க்க வேண்டும் என்கிறார்கள், சாயந்திரமே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். பெட்டியில் இருக்கிறது, சாப்பிடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று வெங்கடேசன் என்னவோ முணுமுணுத்தார்.

அப்போதுதான் மதி பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். ஒரு கையில் ஆல்பம், இன்னொரு கையில் டின். அடுப்படியைத் தாண்டி நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டாள். மாப்பிள்ளை முன்னால் சரோஜாவுக்குக் கத்தவும் முடியவில்லை.

இரண்டையும் தரையில் வைத்துத் திறந்தாள் மதி. பச்சை பிடித்த கவரைப் பாபுவிடம் காட்டினாள்.

"அண்ணே, ஆசையா வாங்கிக் குடுத்தீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கவர்தான் காசைக் கெடுக்குது. டின்னுல கீறது நல்லா கீது, நீங்களே பாருங்க. ரெண்டையும் ஒரே நாள்ல தொடச்சது நான்தான். என் தீட்டுல காசு பூத்துப்போச்சுன்னு என்னை மாட்டுக் கொட்டாய்ல குந்தச் சொல்றாங்க."

பாபுவின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. காது மடல் சிவந்துவிட்டது. தீட்டு என்ற வார்த்தையை ஒரு பெண் தன் வாயால், அதுவும் சாப்பாட்டு நேரத்தில், தன் முகத்துக்கு நேராகச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. கூடவே தன் ஆல்பத்துக்கும் குறை.

"எலையில உக்கார வெச்சுதான் இதெல்லாம் பேசணுமா மாமா?" என்று ஒரு காலை ஊன்றி எழுந்துவிட்டார்.

பாதிச் சாப்பாட்டில் மாப்பிள்ளை எழுந்து போனார் என்றால் அது வாலாஜாபாத் வரைக்கும் போய்ச் சேரும். சரோஜா பதறிப்போய்க் கும்பிட்டாள், மதியை வாய்க்கு வந்தபடி ஏசினாள், கடைசியில் புருஷன் பக்கம் திரும்பினாள். இவள் சொல்வதெல்லாம் பொய் என்று நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள்.

எல்லோரும் வெங்கடேசனைப் பார்த்தார்கள். அவர் டின்னைப் பார்த்தார், ஆல்பத்தைப் பார்த்தார். மருமகளை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

"உக்காருங்க மாப்ள" என்றார். "அவ சொல்றது நெஜம். கவர் சரியில்ல. தெரிஞ்சா நீங்க வாங்கினீங்க? எனக்கு நாலு நாளா தெரியும், நான்தான் வாயத் தொறக்கல. அந்தப் பொண்ணு எங்கியும் போவாது. இந்த வூட்லதான் இருக்கும்."

பாபு குனிந்து ஒரு கவரை விரலால் தடவினார், முகர்ந்து பார்த்தார். ஃபாரின் சரக்கு என்று சொல்லி ஏமாற்றிவிட்டானே பாவி என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே இலையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் நாலு நாள் பயந்தார் இந்த மனிதர். மதிக்குக் கண்ணீர் முட்டியது. நியாயம் கிடைத்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

சரோஜா பாயசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"இவளுக்காவ வாய் தொறந்துது உங்களுக்கு. நல்லதுதான்" என்றாள். "எனக்கு ஏன் தொறக்கல?"

வெங்கடேசனுக்குப் புரியவில்லை. அல்லது புரியாதது போல விழித்தார்.

"காவேரி அப்ப கைக்கொழந்தை. மழைக்குக் கொட்டாய்ல முழங்கால் தண்ணி. புள்ளையத் தோள்ல போட்டுகினு நின்னுகினு இருந்தேன். கடைசி பஸ்ஸு முடிச்சிட்டு வந்தீங்க. டார்ச் அடிச்சு என்னைப் பாத்தீங்க. பாத்துட்டு உள்ள போயி கை கழுவிகினு சோறு துன்னீங்க. செல்லாத காசு குடுத்தவங்களையெல்லாம் எறக்கிவுடாம கூட்டியாந்தீங்களே. என்னை ஏன் உள்ள கூப்புடல?"

அம்மா இருந்தாங்களே என்று வெங்கடேசன் ஆரம்பித்தார்.

"உங்க அம்மா போயி எத்தினி வருசமாச்சு. அதுக்கப்புறமாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? குளுருச்சான்னு கேட்டீங்களா?"

சரோஜா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், பின்வாசல் வழியாகக் கொல்லைக்கு நடந்தாள். நேராகக் கொட்டாய்க்குள் போய் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். தீட்டெல்லாம் நின்று பல வருஷமான பெண்பிள்ளை.

இத்தனை வாரமும் சரோஜாவைத் திட்டித்தான் எழுதினேன். அதில் ஒரு எழுத்தைக்கூட வாபஸ் வாங்கவில்லை. தான் பட்டது தெரிந்தும் அதே கொட்டாயை மருமகளுக்குக் காட்டினாளே, அது அநியாயம்தான். ஆனால் மாமியார் மேலும் மருமகள் மேலும் மட்டுமே கோபப்பட்டுக்கொண்டிருக்கிற நமக்கு, சோறு தின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தவர் மேல் ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அது எனக்கு இப்போது வருகிறது.

மதி பின்னாலேயே ஓடினாள். கொட்டாய் வாசல் வரைக்கும்தான் போக முடிந்தது.

"நீ இன்னாத்துக்கு வர்ற?" என்றாள் சரோஜா. "மாப்ள எலையில பாயசம் போடல. உள்ள போயி போடு."

"நீங்களும் வாங்க அத்தை."

"கேட்டதுக்கு அவரு வந்து பதில் சொல்லட்டும். அதுவரிக்கும் நான் இங்கதான். நீ போ, பாயசம் ஆறிடும்."

மதி உள்ளே போனாள். அடுப்படியில் கை கழுவினாள், கரண்டியை எடுத்தாள், பாபுவின் இலையில் பாயசம் போட்டாள். பாபு ஒரு நிமிஷம் இலையையே பார்த்தார். பிறகு பாயசத்தை வழித்துச் சாப்பிட்டார்.

வெங்கடேசன் கை கழுவிவிட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். தூறல் ஆரம்பித்திருந்தது. கொட்டாய் கூப்பிடு தூரம்கூட இல்லை, நாலு எட்டு வைத்தால் போதும். அந்த நாலு எட்டை எடுத்து வைத்தால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. பஸ்ஸில் அத்தனை பேரிடம் பேசிய வாய் அது.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. ஓ.டி. முடிந்து வந்த ரகு, டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு வீடு அமைதியாக இருப்பதைப் பார்த்தான். அவன் மனைவி கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்கப்பா?" என்றான்.

வெங்கடேசன் திரும்பி மகனைப் பார்த்தார். மகனிடம் சொல்ல வாய் வரவில்லை, மனைவியிடம் போகக் கால் வரவில்லை. மழை வலுத்துவிட்டது. கொட்டாயில் ஒழுகுகிற மூலையைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, சரோஜா பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.